சாப்பிட்டது எங்கே இருக்கிறது?

கேஷுவாலிட்டியில் முதல் வருடம் உட்காரப் போகிற உங்களுக்கு ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்தார். இன்சுலினை நேரத்துக்குப் போட்டுக்கொண்டார், நேரத்துக்குச் சாப்பிட்டார், உண்மையைச் சொன்னார். அப்படியும் என் கையில் சாகப் பார்த்தார்.

நான் கடைசிப் பதினோரு வருடம் வேலை பார்த்தது நிலக்கரிச் சுரங்க நகரியத்துக்கு வெளியே மெயின் ரோட்டில் இருந்த ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில். இருபது படுக்கை, ஒரு எக்ஸ்ரே, பகலில் கேஷுவாலிட்டிக்கு ஒரே டாக்டர். அது நான்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும்தான் அதிகம் வருவார்கள்.

கலியபெருமாள் அப்படி வந்தவர். நாற்பத்தாறு வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரித் தள்ளும் வேலை. தலைக்கு மேலே பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கால் தடுமாறினால் ஆள் மிஞ்சமாட்டார். பதினான்கு வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக இன்சுலின். வேலையில் இரண்டு முறை தள்ளாடியிருக்கிறார், வாய் குழறியிருக்கிறது, உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது. சூப்பர்வைசர் அவரை வீட்டுக்கு அனுப்பி, டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

"ஊசி போட்டுகினு சாப்புடாம வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. சாப்ட்டுட்டுதான் போறேன். ரெண்டு இட்லிக்கே வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. ஏப்பம் வேற ஒரு மாதிரி நாறுது."

"குடிப்பீங்களா?"

"முன்னாடி குடிச்சேங்க. வுட்டு எட்டு வருசம் ஆச்சு."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடமாக விட்டுவிட்டேன் என்று சொல்லி, வாயில் வாசனையோடு வந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர் வாயில் வாசனை எதுவும் இல்லை. இருந்தாலும் சீட்டில் எழுதினேன்: உணவைத் தவிர்ப்பதால் சர்க்கரை தாழ்கிறது, மது அருந்துகிறாரா என்பது சந்தேகம். வயிற்றுக்கு ஒரு கேஸ் மாத்திரை. அடுத்தவரைக் கூப்பிட்டேன். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் இருக்கும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். காலை வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. பகலில் தாழ்கிறது, விடிகாலையில் ஏறி நிற்கிறது. ஏன் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்கும். யோசிக்கவில்லை. ஒழுங்கில்லாமல் சாப்பிடுகிற ஆள் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். இன்சுலின் அளவை நான்கு யூனிட் கூட்டி எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய மனைவி சுமதியும் ஆட்டோ டிரைவரும் அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை யார் மேலும் நிற்கவில்லை. படுக்கையில் கிடத்தியதும் கையை வீசி டிரைவரை அடித்தார்.

விரலில் குத்திப் பார்த்தோம். முப்பத்து நான்கு.

"ஊசி எத்தனை மணிக்கு?"

"ஏழே முக்காலுக்குங்க. எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. நானே எதிர்ல ஒக்காந்து வெச்சேன்" என்றாள் சுமதி.

அந்த நிலையில் தர வேண்டியது நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ், நேராக ரத்தத்தில் சேரும் சர்க்கரைக் கரைசல். செல்வி சிஸ்டர் எங்கள் மருத்துவமனையிலேயே நரம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர். அன்று அவருக்கே இரண்டு முறை தவறியது. கை குளிர்ந்து நரம்புகள் உள்ளே ஒடுங்கியிருந்தன. ஆள் வேறு கையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். "வெயின் கிடைக்கல மேடம்" என்றார் செல்வி. அலமாரியில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி ஒன்று இருந்தது. விலை அதிகமென்று ஒன்றே ஒன்றுதான் வைத்திருப்போம். அதைக் கரைத்துத் தொடையில் போட்டேன்.

பன்னிரண்டு நிமிடத்தில் கலியபெருமாள் கண்ணை உருட்டி மனைவியைத் தேடினார். சர்க்கரை தொண்ணூற்றாறு. ஆரஞ்சு வாசனை போட்ட குளுக்கோஸ் பொடியைக் கரைத்து இரண்டு டம்ளர் குடிக்க வைத்தோம். கால் மணி நேரம் கழித்து நூற்றுப் பதினெட்டு. "இப்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

அதே நேரம் பைக்கில் விழுந்து புருவம் கிழிந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் படுக்கை வேண்டியிருந்தது.

செல்வி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "இவர இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கலாமா மேடம்? இப்ப கை சூடாயிடுச்சு, ஒரு வெயின் போட்டுடுறேன்."

"வேண்டாம். ஏறிடுச்சில்ல. போய் மத்தியானம் ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்க."

இதைச் சொன்னது நான்தான். முப்பது வருட அனுபவம் இருந்தது. அந்தப் பதிலை இன்றும் என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

புருவத்தில் மூன்றாவது தையல் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அஞ்சலை வந்து நின்றார். அஞ்சலை எங்கள் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். துடைப்பத்தைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"டாக்டரம்மா, இப்ப போனாரே அந்தாளு, வராண்டாவுல வாந்தி எடுத்துட்டாரு."

"அந்த ஊசி போட்டா வாந்தி வரும். சரியாயிடும்" என்றேன். பொய்யில்லை. குளுக்ககானுக்குப் பிறகு குமட்டலும் வாந்தியும் வருவது சகஜம்.

அஞ்சலை போகவில்லை. "அதுக்கு இல்லீங்க. காலைல இட்லி துன்னாருன்னு அந்தம்மா சொல்லுது. வாந்தில கீரத்தண்டு முழுசு முழுசா கெடக்குது. எப்பம்மா கீரத்தண்டு வெச்சேன்னு கேட்டேன். நேத்து மத்தியானம்னு சொல்லுது."

என் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது.

"வேற என்ன இருந்துச்சு?"

"நீங்க குடுத்த ஆரஞ்சுத் தண்ணிங்க. அப்பிடியே குடிச்ச மாதிரியே வந்துடுச்சு. வாசன கூட மாறல."

உங்களுக்கு இது புரிய வேண்டும் என்பதால் கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்கு அந்த இடத்தில் இது மூன்று நொடியில் புரிந்தது. மூன்று மாதம் தாமதமாகப் புரிந்தது.

வாயில் போட்ட இனிப்பு இரைப்பையில் இருக்கும்வரை ரத்தத்துக்கு உதவாது. இரைப்பை அதைக் குடலுக்குத் தள்ள வேண்டும். குடலில் இருந்துதான் சர்க்கரை ரத்தத்தில் சேரும். நல்ல உடம்பில் கணையம் இன்சுலினை மட்டும் விடுவதில்லை. கூடவே இன்னொரு ஹார்மோனையும் விடுகிறது. அது இரைப்பையிடம் போய் 'மெதுவாக அனுப்பு' என்கிறது. அதனால் உணவு வருகிற வேகமும் இன்சுலின் வேலை செய்கிற வேகமும் ஒத்துப்போகின்றன. நாம் வெளியிலிருந்து குத்துகிற இன்சுலினுக்கு இரைப்பையின் நிலவரம் எதுவும் தெரியாது. அது மணிக்கணக்குப்படி வேலையை ஆரம்பித்துவிடும். பல வருடச் சர்க்கரையால் இரைப்பையை அசைக்கும் நரம்புகள் கெட்டுப்போனவருக்குக் காலை இட்லி மத்தியானம்வரை அங்கேயே கிடக்கும். இன்சுலின் வந்துவிட்டது, உணவு வரவில்லை. பகலில் சர்க்கரை விழுகிறது. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உணவு இறங்கி, விடிகாலையில் சர்க்கரை ஏறி நிற்கிறது. நானோ அந்த ஏற்றத்தைப் பார்த்து இன்சுலினைக் கூட்டியிருந்தேன்.

அதற்கு மேல் குளுக்ககான். அதுவும் கணையத்தின் ஹார்மோன்தான். கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே எடுத்துவிடும், ஆளை எழுப்பிவிடும். அதே நேரத்தில் இரைப்பையையும் குடலையும் அசையவிடாமல் நிறுத்தும். குடல் ஆடாமல் இருந்தால் படம் தெளிவாக விழும் என்று எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் அதையே போடுகிற இடங்கள் உண்டு. இரண்டையும் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். ஏற்கெனவே நகராத இரைப்பையை இன்னும் நிறுத்திவிட்டு அதற்குள் ஆரஞ்சுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன் என்பது துடைப்பத்தோடு ஒருவர் வந்து சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை. குளுக்ககானின் பலம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. இன்சுலினோ இன்னும் உச்சத்தில் இருந்தது. அவருக்குள் சர்க்கரை வர வேறு வழியே இல்லை.

"எங்க இருக்காரு?"

"பஸ்ஸுக்குப் போறோம்னு போய்ட்டாங்க. நான் தொடச்சி முடிக்கிறதுக்குள்ள காணோம்."

புருவக்காரரின் தையல் பாதியில் நின்றது. ரத்தம் நின்றிருந்தது, அவருக்கு உயிர் பயம் இல்லை. பஞ்சை வைத்து அழுத்தி, அவருடைய தம்பியின் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். மாடியில் குழந்தைகள் டாக்டர் இருந்தார். அவரைக் கீழே வந்து உட்காரச் சொல்லும்படி செல்வியிடம் சொன்னேன். கேஷுவாலிட்டியை விட்டு டாக்டர் வெளியே போகக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சரியான விதிதான். நான் அன்று மீறினேன். செல்வியை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வழியில் ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால், அந்தப் பழி செல்வியின் தலையில் விழக் கூடாது என்று நினைத்தேன். அவரை வீட்டுக்கு அனுப்பியது நான்.

சீட்டில் இருந்த நம்பர் அவர்களுடைய மகளுடையது. கல்லூரியில் இருந்திருப்பாள். மணி அடித்து அடித்து நின்றது. டெக்ஸ்ட்ரோஸ் குப்பியும் சிரிஞ்சும் மீட்டரும் ஒரு ட்ரேயில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர்களைக் கொண்டுவந்த அதே ஆட்டோ நின்றது.

"டவுன் பஸ்ல ஏறிட்டாங்களே மேடம். மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிசம் நிப்பான். புடிச்சிடலாம்" என்றார் டிரைவர்.

அந்தச் சாலையில் நான் பல வருடம் போய் வந்திருக்கிறேன். அன்று போல அது நீண்டதில்லை. முன்னால் சாம்பல் ஏற்றிய லாரி, முந்த இடமில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுமதி, ஆள் தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொள்வாள். ட்ரேயை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மந்தாரக்குப்பத்தில் பஸ் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. நான் ஏறியபோது சுமதி நடுவரிசையில் இருந்தாள். அவளுடைய தோளில் சாய்ந்து கலியபெருமாள் வாய் திறந்து கிடந்தார்.

"தூங்கறாருங்க. அசதில தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

கன்னத்தில் தட்டினேன். அசைவில்லை. விரலில் குத்தினேன். இருபத்தெட்டு.

கண்டக்டரிடம் பஸ்ஸை எடுக்க வேண்டாம் என்றேன். அவர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டிரைவரிடம் போனார். எஞ்சின் நின்றது. முன் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். இரண்டு சீட்டுக்கு நடுவே அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தோம்.

நரம்பு பிடித்து எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது. சீனியர் ஆக ஆக அந்த வேலையைச் சிஸ்டர்களிடம் விட்டுவிடுவோம். முழங்கையில் முதல் குத்து, இல்லை. புறங்கையில் இரண்டாவது, ரத்தம் வந்தது, நரம்பு உடைந்து வீங்கியது. அவருடைய மூச்சு குறட்டை மாதிரி மாறிக்கொண்டிருந்தது. வலிப்பு வரப்போகிறது என்று தெரிந்தது. சுமதி அவரது தலையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவருடைய செருப்பைக் கழற்றினேன். கணுக்காலுக்கு உள்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும். சர்க்கரை நோயாளியின் காலில் குத்தக் கூடாது என்று நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். புண்ணாகலாம். புண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குத்தினேன். சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியது.

டெக்ஸ்ட்ரோஸ் பாகு மாதிரி இருக்கும். வேகமாகத் தள்ளினால் நரம்பு போய்விடும். கையை அடக்கிக்கொண்டு மெதுவாகத் தள்ளினேன். பாதி குப்பி தீர்ந்தபோது குறட்டை நின்றது. நெற்றி சுருங்கியது. கலியபெருமாள் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார்.

"ஊரு வந்துடுச்சா?" என்றார்.

அதே ஆட்டோவில் திரும்பக் கொண்டுவந்து, நல்ல நரம்பு பார்த்துச் செல்வி டிரிப் ஏற்றினார். ஒரு நாள் முழுக்க டிரிப் ஓடியது. புருவக்காரர் எனக்காகக் காத்திருந்தார். மீதித் தையலைப் போட்டேன். புதுச்சேரிக்கு அனுப்பி எண்டோஸ்கோப்பி எடுத்தபோது, இரவு முழுக்கப் பட்டினி இருந்தவரின் இரைப்பையில் உணவு நிறைந்து கிடந்தது. எங்கும் அடைப்பு இல்லை. இரைப்பை நகரவில்லை, அவ்வளவுதான். இன்சுலினைக் குறைத்தோம், அதையும் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏற ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுப் போடும்படி மாற்றினோம். கீரைத்தண்டு மாதிரி நார் உள்ளதை நிறுத்தி, குழைவான சோறும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. இரைப்பையை நகர்த்த ஒரு மாத்திரை.

டிஸ்சார்ஜ் அன்று, "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு டூட்டிக்குப் போகலாம்" என்றேன்.

சுமதி என்னைப் பார்த்தாள். "எந்த டூட்டிங்க? கேட் பாஸ வாங்கிகினு அனுப்பிட்டாங்களே. மூணு மாசமாச்சு."

பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். என் கையெழுத்து. மது அருந்துகிறாரா என்பது சந்தேகம்.

மறுநாள் அந்தச் சீட்டையும் புதுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டரின் ஆபீசுக்கு நானே போனேன். தகரக் கூரை போட்ட அறை. அங்கிருந்த மேனேஜர் நிதானமான மனிதர். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அன்னிக்கு நீங்க எழுதினத நம்பித்தாங்க அனுப்பினேன். ஓடுற பெல்ட்டுக்குக் கீழ குடிகாரன வச்சிருக்க முடியுமா? இன்னிக்கு வேற மாதிரி எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. எத நான் நம்புறது?"

"இன்னிக்கு எழுதினது பரிசோதனை பண்ணி எழுதினது. அன்னிக்கு எழுதினது நான் நெனச்சத எழுதினது" என்றேன். அதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அவர் இரண்டு காகிதத்தையும் ஒரு கோப்பில் வைத்தார். மூன்று மாதம் சர்க்கரை விழாமல் இருக்க வேண்டும், தினமும் எழுதி வைத்த நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், வந்தாலும் பெல்ட் பக்கம் கிடையாது, கருவிகள் வைக்கும் ரூமில்தான் வேலை என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒப்புக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ரவுண்ட்ஸ் போகும்போது அஞ்சலையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனதில்லை. யார் சாப்பாட்டை மிச்சம் வைத்தார், யார் பாத்ரூமில் அதிக நேரம் இருந்தார், யார் வாந்தியில் என்ன இருந்தது என்பதெல்லாம் எங்கள் கேஸ் ஷீட்டில் வராது. நீங்களும் கேளுங்கள். சர்க்கரை விழுந்து வருகிறவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். அவர் சாப்பிட்டது இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக யாரையும் அனுப்பாதீர்கள்; கை சூடாக இருக்கும்போதே ஒரு நரம்பைப் பிடித்து வையுங்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகத்தானே எழுதினேன் என்று நினைக்காதீர்கள். டாக்டர் எழுதிய சந்தேகத்தை வெளியில் யாரும் சந்தேகமாகப் படிப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து கலியபெருமாளும் சுமதியும் நோட்டோடு வந்தார்கள். ஒரு நாள்கூட விடுபடாமல் எழுதியிருந்தார். எழுபதுக்குக் கீழே ஒரு எண்கூட இல்லை. கணுக்கால் புண்ணும் ஆறியிருந்தது. நான் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கலியபெருமாள் அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். சுமதி எழவில்லை.

"டாக்டரம்மா, நீங்க அன்னிக்கி எழுதின சீட்ட எங்க பொண்ணுதான் எனக்குப் படிச்சிக் காட்னுச்சு. குடிக்கலன்னு இவுரு தலமேல அடிச்சி சத்தியம் பண்ணாரு. டாக்டரே எழுதிகீறாங்களேன்னு நான் நம்பல. மூணு மாசம் இவுரோட பேசலீங்க. சோத்தப் போட்டு வெச்சிட்டு அந்தாண்ட போயிடுவேன். அன்னிக்கி இட்லி வெச்சப்பகூட, துன்றாரா இல்ல ஏமாத்தறாரான்னு பாக்கத்தான் எதிர்ல ஒக்காந்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சுமதி மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

கலியபெருமாள் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு குனிந்து மனைவியின் கைப்பையைத் தான் எடுத்துக்கொண்டார்.

"வுடு. வா, பஸ்ஸு போயிடும்" என்றார்.